வேஷம் கட்டிய வீரர்கள்



உத்திரமேரூர் என்றவுடன் வரலாறு பயின்ற எவருக்கும் நினைவில் எழுவது வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவர்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைக் காண வெளியூர் மாணவர்கள் வண்டி வண்டியாய் வருகின்றனர். முப்பது குடும்புகளுக்கும் உரிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தனர் என்னும் செய்தியை நான் முப்பத்தேழு ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லி வந்தேன். ஊரின் ஆட்சியையே ஒரு சிறுவனின் கையை நம்பி விட்டவர்கள் நம் முன்னோர். அந்தச் சிறுவன் அன்று மாலை எந்த விளையாட்டை விளையாடினான், எந்தக் கதையில் மனத்தைப் பறிகொடுத்தான் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. நானும் நெடுங்காலம் அதைக் கேட்டதில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையதே. முகத்தை மறைத்து, உடலைக் கவசத்தில் புகுத்தி, நிறத்தாலும் குரலாலும் தம்மை இன்னார் என அறிவிக்கும் வீரர்கள் மீது சிறுவர்கள் கொள்ளும் பெருங்காதலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு கிளை ஜப்பானில் இருக்கின்றது; மற்றொரு கிளை எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயில் திடல்களில் இருக்கின்றது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இது தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். நான் இந்த இரு கிளைகளுக்கும் ரசிகன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தொண்டைமண்டலத்தின் இந்தப் பகுதியில், காஞ்சிபுரம், செய்யாறு, உத்திரமேரூர் வட்டாரங்களில், தெருக்கூத்து என்றும் கட்டைக்கூத்து என்றும் வழங்கும் கலை வேரூன்றியுள்ளது. செய்யாற்றை அடுத்த புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினரும், பெருங்கட்டூர் இராஜகோபால் போன்றோரும் அதனை வெளிநாட்டார் வரை அறியச் செய்தனர். கட்டை என்பது வேஷக்காரர் அணியும் மர அணிகலனைக் குறிக்கும். தலையில் கிரீடம், தோள்களில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் ஆகிய யாவும் இலேசான மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடித் துண்டுகளும் வண்ணக் காகிதமும் பதிக்கப்பெற்றவை. கோடையில் பாரத விழா தொடங்கினால் பகலில் பிரசங்கியார் மகாபாரதம் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒன்றாக நடந்து, பதினெட்டாம் போரில் முடியும்.

நான் முதன்முதல் கூத்துப் பார்த்தது 1968-இல், எட்டு வயதில். பாட்டியின் கோணிப்பையில் உட்கார்ந்து, உறங்கி விழுந்து, முகவீணையின் ஓசையில் மீண்டும் விழித்து, விடியும் வரை பார்த்தேன். அன்று நான் கண்டவற்றுள் இன்றும் என் மனத்தை விட்டு நீங்காதது போர் அன்று, திரை. இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பர். அதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார். சலங்கை கேட்கிறது. கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. உள்ளிருந்து பாட்டு எழுகிறது. நெடுநேரம் நம்மைக் காக்க வைத்த பிறகே திரை விலகும். அப்போது கட்டியக்காரன் முன்வந்து, ஐயா தாங்கள் யார், எந்த நாடு, என்ன பேர் என்று வினவுவான். வந்தவர் தம் குலம், நாடு, வீரம், விருது அனைத்தையும் சொல்லித் தம் பெயரை முழங்குவார். துரியோதனன் என்ற பெயரைக் கேட்டவுடன் எங்கள் வரிசையில் இருந்த சிறுவர் யாவரும் பின்னோக்கி நகர்ந்ததை நான் மறக்கவில்லை. அவருக்கு முகத்தில் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை. வண்ணத்தைப் பார்த்தே யார் எவர் என்று எங்களுக்குத் தெரியும். மறுநாள் ஏரிக்கரையில் பனை மட்டையைக் கிரீடமாக்கி, ஒருவர் துண்டைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, நாங்களும் பெயர் முழங்கினோம்.

பின்பு நான் படித்தேன், ஆசிரியப் பயிற்சி பெற்றேன், கூத்தை மறந்தேன். மறந்தேன் என்பதுகூடச் சரியன்று, இகழக் கற்றுக்கொண்டேன். கூத்தாடி என்னும் சொல்லை நம் ஊர்களில் வசையாகத்தானே வழங்குகின்றனர்! கற்றவர்களின் இந்த இகழ்ச்சி நேற்றுத் தோன்றியதன்று. தமிழ் மேடை நாடகத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் பம்மல் சம்பந்த முதலியார், 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர், இளமையில் தமிழ் நாடகங்களைத் தாம் வெறுத்ததாகத் தம் நினைவுகளில் தாமே எழுதியிருக்கிறார். அத்தகைய பெரியவருக்கே அந்த எண்ணம் இருந்ததென்றால், பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த இளம் ஆசிரியன் ஒருவனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்! பாரத விழாக் காலத்தில் வகுப்பில் உறங்கி வழியும் மாணவர்களை எழுப்பி நிறுத்தி, நேற்று இரவு எங்கே இருந்தாய் என்று கேட்பது என் வழக்கமாயிற்று. பதில் எனக்குத் தெரிந்ததே.

இனி ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2006 முதல் தமிழக அரசு வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. அதுவரை ஊராட்சிப் பெட்டி ஒன்றையே கண்டிருந்த குடிசைகளுக்கும் அது வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்கான அலைவரிசைகளில் அயல்நாட்டு வீரர்கள் தமிழ் பேசத் தொடங்கினர். அவர்களுள் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டவர்கள் பவர் ரேஞ்சர்ஸ் என்னும் ஐவர். 2008-ஆம் ஆண்டில் ஒருநாள் ஆறாம் வகுப்பில் நுழைந்தபோது, ஐந்து சிறுவர்கள் பலகைக்கு முன் வரிசையாக நின்று, கைகளை ஒரே சமயத்தில் வீசி, ஒவ்வொருவராகத் தம் நிறத்தைக் கூவிக்கொண்டிருந்தனர். நடுவில் நின்றவன் திருவிழாக் கடையில் வாங்கிய சிவப்பு முகமூடி அணிந்திருந்தான். நான் அதைப் பறித்தேன். அவன் அழவில்லை. "சார், நான் இல்லன்னா நாலு பேர்தான் சார் இருப்பாங்க" என்று மட்டும் சொன்னான்.

ஆண்டு இறுதியில் திருப்பித் தருவதாகச் சொல்லி அலமாரியில் வைத்தேன். பொங்கல் விடுமுறைக்குப் பின் அவன் வரவில்லை. பெற்றோர் செங்கல் சூளை வேலைக்குக் குடிபெயர்ந்து விட்டனர். அதன் பிறகும் மற்ற நால்வரும் இடைவேளையில் அணிவகுப்பதைக் கண்டேன். இருவர் இடப்புறமும் இருவர் வலப்புறமும் நிற்பர். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தை அவர்கள் எவருக்கும் தரவில்லை. நான் ஓய்வு பெற்றபோது என் பொருள்களோடு முகமூடியும் வீட்டுக்கு வந்தது. இன்றும் என் புத்தக அலமாரியில் இருக்கின்றது.

அந்த வெற்றிடந்தான் என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது. பிள்ளைகள் எதைக் கண்டு அவ்வாறு நின்றார்கள் என்று அறிய, அந்த ஐவரின் ஊர் எது என்று தேடினேன். அமெரிக்கா என்றுதான் எண்ணியிருந்தேன். தேடத் தேட ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஜப்பானில் 1930-ஐ ஒட்டிய கடும் பஞ்ச காலத்தில், வேலையிழந்தோர் பலர் மிதிவண்டியில் ஒரு சிறு மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சென்றனர். மிட்டாய் வாங்கும் சிறுவர்களுக்குப் பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் காட்டிக் கதை சொல்வது அவர்கள் தொழில். காமிஷிபாய், அதாவது காகித நாடகம், என்பது அதன் பெயர். நம் ஊரில் பயாஸ்கோப்புப் பெட்டியைச் சுமந்து வந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டைகளில் தோன்றிய மண்டையோட்டு முகமும் செந்நிறப் போர்வையும் கொண்ட 'பொன் வௌவால்' என்பவனே ஜப்பானின் முதல் வேஷ வீரன் எனலாம். பின்னாளில் அந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தபோது மக்கள் அதற்கு மின்சாரக் காகித நாடகம் என்று பெயரிட்டனர். புதிய பெட்டிக்குள் பழைய மிட்டாய்க்காரரையே அவர்கள் கண்டார்கள்.

1958-இல் தொலைக்காட்சியில் தோன்றிய முதல் வீரன் 'நிலவொளி முகமூடி'. வெள்ளைத் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து மோட்டார் சைக்கிளில் வரும் இவனை, மருத்துவப் புத்தரின் அருகில் நிற்கும் சந்திரப்பிரப போதிசத்துவரை மனத்தில் கொண்டு படைத்தார் கவாவுச்சி கோஹான். பௌத்தம் தழைத்த காஞ்சிக்கு அருகில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிறிது பெருமிதம் எழுந்தது உண்மை. ஆனால் எல்லாம் நம்மிடமிருந்தே சென்றது என்று மார்தட்டும் வரலாற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. போதிதருமரைக் கொண்டே நாம் அந்த மார்தட்டலைப் போதிய அளவு செய்துவிட்டோம்.

இவ்வீரர்களின் பிறப்பில் மிக முக்கியமான ஆண்டு 1954. அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள் அமெரிக்கா பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. 'ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்து, அதில் இருந்த இருபத்துமூவரும் நோயுற்றனர். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். ஹிரோஷிமா, நாகசாகி அழிந்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. நவம்பர் 3-ஆம் நாள் 'காட்ஜில்லா' என்னும் படம் வெளிவந்தது. குண்டுச் சோதனையால் எழுந்து வந்து டோக்கியோவை மிதித்து அழிக்கும் பெருவிலங்கின் கதை அது. இயக்கியவர் ஹோண்டா இஷிரோ. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் சுபுராயா எய்ஜி. விலங்கின் தோலுக்குள் நின்று நடித்தவர் நகஜிமா ஹருவோ. முதல் உடை ஏறத்தாழ 100 கிலோ எடை இருந்ததாம். சூடான விளக்குகளின் கீழ் அதற்குள் நின்று சில அடி நடப்பதே பெரும்பாடு. விலங்கின் நடையைக் கற்க விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டு நின்றார் என்பர். படத்தில் அவர் முகம் தெரியாது. கட்டை அணிகளைத் தாங்கி விடியும் வரை சுழன்று ஆடும் நம் வேஷக்காரரின் கழுத்தையும் தோளையும் அறிந்தவர்களுக்கே அந்த உழைப்பு விளங்கும்.

சுபுராயாவின் கூடத்திலிருந்து 1966 ஜூலையில் 'அல்ட்ராமேன்' வந்தான். வெள்ளியும் சிவப்புமான உடல், சலனமற்ற முகம், மார்பில் ஒரு விளக்கு. பூமியில் அவனால் மூன்று நிமிடங்களே நிற்க முடியும். நேரம் குறையக் குறைய அந்த விளக்கு நிறம் மாறித் துடிக்கும். 1971 ஏப்ரலில் இஷினோமோரி ஷோட்டாரோவின் 'முகமூடி ரைடர்' வெளிவந்தது. இவனை வீரனாக ஆக்கியவர்கள் தீயவர்களே! உலகை ஆள நினைக்கும் ஒரு கூட்டம் ஒரு மாணவனைப் பிடித்து, அவன் உடலை வெட்டுக்கிளி வடிவில் மாற்றியமைத்து, மனத்தை மாற்றுமுன் அவன் தப்பிவிடுகிறான். பகைவர் தந்த உடலைக் கொண்டே பகைவரோடு போரிடுகிறான். இதைப் படித்தபோது எனக்குக் கர்ணன் நினைவு வந்தான். பிறப்பு ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் என்று நிற்கும் அந்தத் துயரத்தைக் காணத்தானே கர்ண மோட்சத்திற்கு மற்ற இரவுகளைவிடக் கூட்டம் கூடுகின்றது? உடலோடு ஒட்டிப் பிறந்த கவசம் என்ற எண்ணத்தையும் நாம் அவனிடத்தில்தான் கண்டோம்.

முகமூடி ரைடராக நடித்த புஜியோகா ஹிரோஷி, படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து காலை முறித்துக்கொண்டார். தொடரை நிறுத்த மனமின்றி இரண்டாவது ரைடர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் வந்த பிறகே, கைகளை வளைத்து வீசி, ஹென்ஷின் என்று முழங்கி உரு மாறும் அபிநயம் பிறந்தது. ஹென்ஷின் என்றால் உருமாற்றம். அச்சொல் ஜப்பானியச் சிறுவர் அனைவரின் நாவிலும் ஏறியது. ரைடரின் படச்சீட்டு வைத்த நொறுக்குத் தீனிப் பொட்டலங்களை வாங்கி, சீட்டை எடுத்துக்கொண்டு தீனியைத் தெருவில் எறிந்த சிறுவர்களால் அந்நாட்டுப் பெற்றோரும் ஆசிரியரும் பெருங்கவலை கொண்டனர். என் கவலையை அவர்கள் முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே பட்டிருக்கிறார்கள்!

அடுத்து 1975 ஏப்ரலில் அதே இஷினோமோரியின் எண்ணத்தில் 'கோரேஞ்சர்' என்னும் ஐவர் படை தோன்றியது. சிவப்பு, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்கள். இந்த வரிசை 2025-இல் ஐம்பது ஆண்டை எட்டியது. 1992-இல் வந்த ஒரு படையின் போர்க் காட்சிகளை வாங்கி, முகமூடி இல்லாத காட்சிகளில் மட்டும் அமெரிக்க இளைஞர்களை நடிக்கச் செய்து, 1993-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதுவே பவர் ரேஞ்சர்ஸ். முகம் மறைந்திருந்ததால் ஜப்பானியர் போரிட்டதும் அமெரிக்கர் பேசியதும் ஒருவரே என்று உலகம் நம்பியது. பின்னர் அந்த வாயில் தமிழ் ஏற்றப்பட்டு உத்திரமேரூருக்கு வந்தது. நான் பறித்த முகமூடி இத்தனை கடல் தாண்டி வந்தது.

அந்த ஐவரும் வரிசையில் நின்று பெயர் கூவும் வழக்கம் எங்கிருந்து வந்தது? ஜப்பானியரின் பழைய நாடகமான கபுக்கியில் இதற்கு முன்மாதிரி உண்டு என்று அறிஞர் சொல்வர். 1862-இல் கவாதகே மொகுவாமி எழுதிய நாடகம் ஒன்றில் திருடர் ஐவர் ஆற்றங்கரையில் குடையோடு வரிசையாக நின்று, ஒவ்வொருவராகத் தம் பெயரையும் பிறப்பையும் தம் செயல்களையும் சொல்வர். உச்சக்கட்டத்தில் நடிகர் கண்ணை உருட்டிச் சிலையென நின்றுவிடும் முறையும் அந்நாடகக் கலைக்கு உரியது. பெயர் சொல்லுதல், நிறத்தால் அறிதல், திடீரென உறைந்து நிற்றல்! இதைப் படித்தபோது இரவு பதினொரு மணி இருக்கும். என் பாட்டியின் கோணிப்பையும், இருவர் பிடித்த திரையும், கட்டியக்காரனின் கேள்வியும் என் முன் வந்து நின்றன. கபுக்கி கூத்திலிருந்து பிறந்தது என்றோ கூத்து கபுக்கியிலிருந்து பிறந்தது என்றோ சொல்ல யாதொரு சான்றும் இல்லை. தெருவில், விளக்கொளியில், பேச்சும் உறக்கமுமாக இருக்கும் கூட்டத்தின் முன் ஒருவன் வீரனாக வேண்டுமானால், இரு நாட்டாருக்கும் இந்த ஒரு வழிதான் புலப்பட்டிருக்கிறது.

வகுப்பறைப் பலகையின் முன் ஐந்து பிள்ளைகள் செய்தது அதுதான். எட்டு வயதில் ஏரிக்கரையில் நான் செய்ததும் அதுதான்.

என் நினைவு இன்னொன்றையும் மறைத்திருந்தது. 1980-களில், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, தூர்தர்ஷனில் 'ஜயண்ட் ரோபோ' என்னும் ஜப்பானியத் தொடர் வந்தது. 1967-இல் தொடங்கிய இருபத்தாறு பகுதிகள் கொண்ட தொடர். ஜானி சோக்கோ என்ற சிறுவனின் கைக்கடிகாரக் கட்டளைக்கு மட்டும் பணியும் இரும்புப் பெருமனிதனின் கதை. மாணவர்கள் பார்க்கிறார்களா என்று கண்காணிக்கச் சென்றதாகச் சொல்லிக்கொண்டு நானும் ஊராட்சிப் பெட்டியின் முன் நின்று பார்த்தேன். கடைசிப் பகுதியில் அந்த இரும்பு மனிதன் சிறுவனின் கட்டளையையும் மீறி, பகைவனை அணைத்துக்கொண்டு வானில் ஏறி விண்கல்லில் மோதி அழிகிறான். நின்ற பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. என் கண்ணும் கலங்கியது. விளக்குப் பூச்சி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அபிமன்யு வதைக்கு அழுத ஊர் இரும்புக்கும் அழுதது.

ஜப்பானியர் நம் வீரர்களைத் தேடி வந்த கதையும் உண்டு. சாகோ யூகோ என்பவர் 1983-இல் இந்தியாவுக்கு வந்து இராமாயணத்தில் ஈடுபட்டு, நம் நாட்டு ராம் மோகனோடு சேர்ந்து இராமன் கதையை ஓவியப் படமாக்கினார். 1992-இல் முடிந்த அப்படம் 2025 ஜனவரியில் தமிழ் ஒலியோடும் திரையரங்குகளுக்கு வந்தது. ரஜினிகாந்தின் 'முத்து' 1998-இல் டோக்கியோவில் பெற்ற வரவேற்பையும், அதன்பின் ஜப்பானிய ரசிகர்கள் அவர் படத்தின் முதல் காட்சிக்காகச் சென்னைக்கே வருவதையும் நீங்கள் அறிவீர்கள். அவர்களைப் பார்த்து நாம் வியக்கிறோம். நம் பிள்ளை சிவப்பு முகமூடி அணிந்தால் மட்டும் கண்டிக்கிறோம்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் 'காமிக் கான்' கூட்டம் நடந்தது. டில்லியில் 2011-இல் தொடங்கிய கூட்டம், பதின்மூன்று ஆண்டு கழித்துச் சென்னைக்கு வந்தது. இத்தகைய கூட்டங்களில் ஜப்பானின் 'காமிக்கெட்' பழமையானது. 1975 டிசம்பரில் சுமார் 700 பேரோடு தொடங்கியது. கதை வீரர்களின் உடையை ரசிகர்கள் தாமே தைத்து அணியும் வழக்கத்துக்கு 1983-இல் தகஹாஷி நொபுயுகி என்ற ஜப்பானியர் காஸ்பிளே என்று பெயரிட்டார். நம் வட்டாரத்தார் வேஷம் கட்டுதல் என்று சொல்வதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. என் பேத்தி என்னை அங்கே அழைத்துச் சென்றாள். இரைச்சலும் நெரிசலும் விற்பனைக் கடைகளும் என் வயதுக்கு ஒவ்வாதவை. விலைகளும் அப்படியே. அரைமணியில் திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

அங்கே ஒரு தூணின் அருகில் இளைஞர் ஒருவர் முகமூடி ரைடரின் கவசத்தோடு, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மார்புப் பட்டை ஒரு பக்கம் பிரிந்துவிட்டது. பசை தடவி அழுத்திப் பிடித்திருந்தார். குனிந்து பார்த்தேன். இலேசான நுரை அட்டையை வெட்டி, சூடு காட்டி வளைத்து, வண்ணம் பூசியிருந்தார். எடை இருக்கக்கூடாது, தூரத்திலிருந்து பார்த்தால் இரும்பாகத் தெரியவேண்டும் என்றார். கட்டை அணி செதுக்குவோர் சொல்வதும் இதுவே. எத்தனை நாள் ஆயிற்று என்றேன். "நாலு மாசம் சார். ஷிப்ட் முடிஞ்சு வந்து ராத்திரியில செஞ்சேன்" என்றார். ஒரகடத்துப் பக்கம் ஓர் ஆலையில் வேலையாம். இந்த வீரன் யார் என்று கேட்டேன். அவ்வளவுதான்! அவன் எப்போது தோன்றினான், எவருடைய வழியில் வந்தான், அவன் உடலைக் கெடுத்தவர் யார், எதை இழந்தான் என்று, பிரசங்கியார் சந்திர வமிசத்தைச் சொல்வதுபோல, ஒரு கண்ணி விடாமல் சொன்னார். என் வகுப்பில் எந்த மாணவனும் சோழர் பரம்பரையை அவ்வளவு செம்மையாகச் சொன்னதில்லை. மேடைக்கு அழைப்பு வந்தது. எழுந்து தலைக்கவசத்தை மாட்டுமுன், "சார், இதைப் போட்டப்புறம் நான் பேசமாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். கிரீடம் ஏறிய பின் எங்கள் ஊர் வேஷக்காரரும் சொந்தக்காரரிடம் பேசமாட்டார்.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. தொலைக்காட்சி வீரரை விற்பவர் பொம்மைக்காரர். புதிய ஆண்டு வந்தால் புதிய வீரன், புதிய பொம்மை. கூத்தின் வீரர் மாறுவதில்லை, ஊர்தான் மாறுகிறது. கூத்தில் தோற்பவனுக்கும் ஓர் இரவு முழுவதும் உண்டு. மேலும், கூத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் பயிற்சி வேண்டும். 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முயற்சியால் 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கூத்தும் பள்ளிக் கல்வியும் சேர்த்துக் கற்பிக்கும் குருகுலம் தொடங்கிற்று. ஆண்களே ஆடிவந்த வேஷங்களைச் சிறுமியரும் அங்கே கட்டினார்கள். 2020-இல் அது மூடப்பட்டது. ஜப்பானிய வேஷத்துக்கு நான்கு மாதம் உறக்கத்தைக் கொடுத்த அந்த இளைஞரைப் போன்றவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் கண்ணில் கூத்து படுவதற்கு முன்பே என்னைப் போன்ற ஆசிரியர்கள் அதை மறைத்துவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

சென்ற கோடையில் பக்கத்து ஊர்ப் பாரத விழாவிற்குப் பேரனை அழைத்துப் போனேன். அவனுக்கு ஏழு வயது. திடலில் படுகளத்துக்காகத் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்துப் பாதி முடித்திருந்தார்கள். கால் மட்டுமே என் பேரனைவிட நீளம். அவன் தலையில் நீல நிற முகமூடியைத் தூக்கி விட்டுக்கொண்டு அதன் முழங்காலருகே உட்கார்ந்தான். கூத்துத் தொடங்க நேரம் இருந்தது. லுங்கியும் பனியனுமாகச் சிலர் பீடி குடித்துக்கொண்டிருந்தனர்.

"தாத்தா, வீரன் எங்கே?" என்றான்.

அவர்களுள் ஒருவரைக் காட்டினேன். நம்பவில்லை.

"எப்ப மாறுவாரு?"

அவனைக் கொட்டகைக்குக் கூட்டிச் சென்றேன். தொலைக்காட்சியில் ஒரு நொடியில் முடிவதற்கு இங்கே இரண்டு மணிக்கு மேல் ஆகும். அதை யாரும் மறைப்பதில்லை. அவர் பாயில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சிவப்பைக் குழைத்து, நெற்றியிலிருந்து தொடங்கினார். கையிலிருந்த சிறு கண்ணாடி விளக்குக்கு எதிராகச் சாய்ந்து கொண்டே இருந்தது. பேரனைப் பார்த்து, "தம்பி, இதைக் கொஞ்சம் நேரா பிடி" என்றார். அவன் முகமூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, இரு கைகளாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான்.